ஆற்காட்டு முற்றுகை: முஹர்ரம் மாதத்தில் ஒரு படிப்பினை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!



முஹர்ரம் பிறந்துவிட்டால் நம் மிம்பர்களில் கர்பலாவைப் பேசுகிறோம். மூஸா (அலை) அவர்களை அல்லாஹ் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றிய நாளையும் பேசுகிறோம். இவ்விரண்டையும் எத்தனை முறை பேசினாலும் தகும். ஆனால் இதே முஹர்ரம் மாதத்தில், நம் காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பஸ் ஏறினால் அரை நாளில் பார்த்துத் திரும்பிவிடக்கூடிய ஆற்காட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் பேசுவதில்லை. 1751ஆம் ஆண்டு நடந்த கோட்டை முற்றுகை அது. பாலாற்றங்கரையில் தில்லி வாசல் என்ற பழைய வாயில் இன்றும் நிற்கிறது. அந்த வாயில் நமக்குச் சொல்லும் பாடம் கசப்பானது. கசப்பு என்பதற்காக மருந்தைத் தள்ளிவிட முடியுமா?

சகோதரர்களின் வாள்கள்

முற்றுகைக்கு முந்திய பத்து ஆண்டுகளை முதலில் பாருங்கள். 1740இல் கர்நாடக நவாப் தோஸ்த் அலி, தாமல்செருவுக் கணவாயில் மராட்டியருடன் போரிட்டு உயிர் நீத்தார். அவர் மகன் ஸஃப்தர் அலி பதவிக்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1742இல், வேலூரில் தம் சகோதரியின் கணவர் முர்தஸா அலியின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். ஸஃப்தர் அலியின் சிறு வயது மகனும் 1744இல் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டான். அதன்பின் நவாபாக இருந்த அன்வருத்தீன் 1749இல் ஆம்பூரில் போர்க்களத்தில் வீழ்ந்தார். அவரை எதிர்த்து நின்றவர் யார்? தோஸ்த் அலியின் மருமகனாகிய சந்தா ஸாஹிப். அவருக்குத் துணை பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள்.

அன்வருத்தீனின் மகன் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். அவருக்குத் துணை ஆங்கிலேயக் கம்பெனி. இரு தரப்பிலும் ஐவேளை பாங்கு ஒலித்தது. இரு தரப்பும் ஒரே கிப்லாவை நோக்கி ஸுஜூது செய்தன. ஆனால் ஒருவர் மற்றவரை வீழ்த்துவதற்காக இருவருமே கடல் கடந்து வந்த வியாபாரிகளின் பீரங்கிகளுக்குக் கடன்பட்டார்கள்.

சந்தா ஸாஹிபைப் பற்றி இன்னொரு செய்தியும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. திருச்சியின் நாயக்க ராணி மீனாட்சிக்கு, உனக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்து கொடுத்தாராம். திருமறையின் மீது செய்வதாகக் காட்டிய அந்தச் சத்தியம், உண்மையில் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு செங்கல்லின் மீது செய்யப்பட்டதாம். ராணி ஏமாந்தார், ஆட்சி போயிற்று, நஞ்சுண்டு மாண்டார் என்று அந்தச் செய்தி முடிகிறது. செங்கல் கதை நடந்ததோ, மக்கள் பின்னாளில் புனைந்ததோ, அல்லாஹ்வே அறிவான். ஆனால் ஒரு முஸ்லிம் தலைவரைப் பற்றி இப்படி ஒரு கதை ஊரார் வாயில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறதே, அதுவே நாம் தலை குனிய வேண்டிய விஷயமல்லவா?

ஐம்பது நாட்கள்

1751இல் சந்தா ஸாஹிபின் படை பெருந்திரளாகத் திருச்சியைச் சூழ்ந்து நின்றது. தலைநகராகிய ஆற்காட்டில் காவல் குறைவாக இருந்தது. இதைக் கணக்கிட்டு, கம்பெனியின் காப்டன் ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டார். வயது இருபத்தாறு கூட நிறையவில்லை. 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகள். அவ்வளவுதான் படை. நம் காஞ்சிபுரத்தின் வழியாகத்தான் அவர்கள் போனார்கள். இடியும் மின்னலும் மழையுமாக இருந்த வேளையிலும் நிற்காமல் நடந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே, ஆற்காட்டுக் கோட்டையில் இருந்த ஆயிரம் பேருக்கு மேற்பட்ட காவற்படை ஓடிவிட்டது. ஒரு குண்டு கூடச் சுடாமல் கோட்டை கைமாறியது.

செய்தி திருச்சிக்கு எட்டியதும் சந்தா ஸாஹிப் தம் மகன் ரஸா ஸாஹிபை நாலாயிரம் பேருடன் அனுப்பினார். பாண்டிச்சேரியிலிருந்து 150 பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். வேலூரிலிருந்து முர்தஸா அலியும் தம் ஆட்களுடன் வந்து சேர்ந்தார். மொத்தம் சுமார் பத்தாயிரம் பேர் கோட்டையை வளைத்துக் கொண்டார்கள். உள்ளே வேலை செய்யக்கூடிய நிலையில் இருந்தவர்கள் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களுமே. கோட்டையோ ஒரு மைலுக்கு மேற்பட்ட சுற்றளவு கொண்டது. மதில் பழுதுபட்டிருந்தது. அகழி சில இடங்களில் வற்றிக் கிடந்தது. ஊர் வீடுகள் மதிலை ஒட்டியே இருந்ததால், அவற்றின் மேலிருந்து உள்ளே சுட முடிந்தது. கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் இந்தக் கோட்டை ஒரு வாரம் தாங்கும் என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் ஐம்பது நாட்கள் தாங்கியது!

உணவு குறைந்தபோது, சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. நம் மண்ணின் பிள்ளைகள், கூலிக்கு வந்தவர்கள். அவர்களிடம் இப்படி ஓர் ஒட்டுதல்! சரணடைந்தால் பணம் தருகிறோம், மறுத்தால் ஒருவரையும் விடமாட்டோம் என்று ரஸா ஸாஹிப் ஆள் அனுப்பினார். கிளைவ் மறுத்துவிட்டார். இதற்குள் மராட்டியத் தலைவர் முராரி ராவ் ஆறாயிரம் குதிரை வீரர்களுடன் முஹம்மது அலியின் பக்கம் சாய்ந்து விட்டார் என்ற செய்தியும் வந்தது. முற்றுகையிட்டவர்களுக்கு அவசரம் பிடித்தது.

முஹர்ரம் நாளில் தாக்குதல்

ஆங்கிலேயர் அப்போது பின்பற்றிய பழைய நாட்காட்டிப்படி 1751 நவம்பர் 14. ஹிஜ்ரி 1165 முஹர்ரமின் முதல் பத்து நாட்களுக்குள் வரும் நாள். இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் நினைவு நாட்களில் உணர்ச்சி பொங்கும், அப்போது தாக்கினால் வீரர்கள் உயிரைப் பொருட்படுத்தமாட்டார்கள் என்று எண்ணியே அந்த நாளைக் குறித்தார்கள் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிட்ட நூலில் எழுதினார். வீரர்களில் பலர் பங்கு என்னும் போதையைக் குடித்துவிட்டு வந்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

எழுதியவர் எதிர்த்தரப்புக்காரர். வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்று சூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. ஆகவே அத்தனை பேரும் போதையில் இருந்தார்கள் என்று நாம் முத்திரை குத்தமாட்டோம். ஆனால் முஹர்ரம் நாட்களில் தெருவில் போதையுடன் ஆடுகிறவர்களை நம் காலத்திலும் கண்டிருக்கும்போது, அப்படி நடந்திருக்கவே முடியாது என்று சொல்ல நமக்கு நாக்கு வருமா?

தாக்குதல் வருகிறது என்று ஓர் ஒற்றன் முன்னதாகவே கோட்டைக்குள் சொல்லிவிட்டான். விடியும் வேளையில் நெற்றியில் இரும்புத் தகடு பூட்டிய யானைகளைக் கதவுகளை இடிக்க ஓட்டி வந்தார்கள். துப்பாக்கிக் குண்டுகள் பட்டதும் யானைகள் திரும்பி, ஓட்டி வந்தவர்களையே மிதித்தன. நீர் நின்ற அகழியில் தெப்பம் விட்டு எழுபது பேர் கடக்க முயன்றபோது கிளைவே பீரங்கியைப் பிடித்துச் சுட்டார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தாக்கியவர்களில் சுமார் நானூறு பேர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தார்கள். உள்ளே இறந்தவர்கள் நால்வர். மறுநாள் காலையில் முற்றுகைப் படை இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

நம் ஊரும் தப்பவில்லை. காஞ்சியின் பெரிய கோவிலுக்குள் பிரெஞ்சுப் படை புகுந்து அதையே கோட்டையாக்கிக் கொண்டிருந்தது. அடுத்த மாதமே கிளைவ் வந்து பீரங்கியால் அதன் மதிலை அடித்தார். பிறருடைய வணக்கத் தலம் இருவருடைய போருக்கு நடுவே சிக்கித் தவித்தது. இரு நவாபுகளின் சண்டைக்கும் அந்தக் கோவிலில் கும்பிட வந்தவர்களுக்கும், வாசலில் தறி நெய்தவர்களுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்குள் மூளும் தீ, பக்கத்து வீட்டுக் கூரையையும் பார்க்காமல் விடுவதில்லை.

வென்றவர் யார்?

சகோதரர்களே! இங்கே சற்று நின்று கணக்குப் பாருங்கள். 1752இல் சந்தா ஸாஹிப் ஸ்ரீரங்கத்தில் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். அப்படியானால் முஹம்மது அலி வென்றுவிட்டாரா? பெயருக்கு வென்றார். வாலாஜா என்ற பட்டம் கிடைத்தது. 1795 வரை வாழ்ந்தார். ஆனால் போர்ச்செலவுக்குப் பட்ட கடன் வளர்ந்து வளர்ந்து, 1785இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் விவாதிக்கப்படும் அளவுக்குப் போயிற்று. 1763இலேயே நம் காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீராகப் போய்விட்டது. 1801இல் கர்நாடக ஆட்சி முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுதி வாங்கிய சென்னை கவர்னர் யார் தெரியுமா? எட்வர்ட் கிளைவ். ஆற்காட்டுக் கோட்டையில் நின்ற ராபர்ட் கிளைவின் மகன்! தந்தை துணைக்கு வந்தார், மகன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். ஐம்பது ஆண்டுகளில் கதை முடிந்தது.

நாம் இங்கே இறந்தவர்களின் மறுமையைப் பற்றித் தீர்ப்புக் கூறவில்லை. அது அல்லாஹ்வின் அதிகாரம். நம் கண் முன் நிற்பது ஒரே கேள்விதான். பத்தாயிரம் பேர் ஏன் தோற்றார்கள்? முந்நூறு பேர் ஏன் நின்றார்கள்?

கோட்டை எங்கே உடைகிறது?

இதே பத்தாயிரம் என்ற எண்ணிக்கை நமக்குப் பழக்கமானதுதான். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு மதீனாவைச் சுற்றி வளைத்த கூட்டுப்படையினரும் பத்தாயிரம் பேர். உள்ளே இருந்த ஸஹாபாப் பெருமக்கள் சுமார் மூவாயிரம். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் சொன்ன யோசனைப்படி அகழி தோண்டினார்கள். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே மண் சுமந்தார்கள். பசிக்கு வயிற்றில் கல்லைக் கட்டிக் கொண்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வீட்டு ஆட்டுக்குட்டியும் ஒரு ஸாஉ வாற்கோதுமையும் தமக்கு மட்டும் போதும் என்று நாயகம் அவர்கள் தனியே போய் உண்ணவில்லை. அகழியில் இருந்த அத்தனை பேரையும் அழைத்தார்கள். அல்லாஹ் பரக்கத் செய்தான். வெளியே இருந்த பத்தாயிரம் பேரோ ஒருவர் மேல் ஒருவர் சந்தேகம் கொண்டு பிரிந்தார்கள். இறுதியில் அல்லாஹ் அனுப்பிய காற்று அவர்களுடைய கூடாரங்களைப் பிடுங்கி எறிந்தது.

ஆற்காட்டில் என்ன நடந்தது? ஒற்றுமையும் பொறுமையும், இருப்பதைப் பகிர்ந்துண்ணும் குணமும் மதிலுக்கு உள்ளே இருந்தன. உள்ளே இருந்ததோ கம்பெனியின் படை. போட்டியும் துரோகமும் பழைய கொலைப்பழியும் மதிலுக்கு வெளியே இருந்தன. வெளியே நின்றவர்களின் தலைவர்களோ கலிமாச் சொன்னவர்கள்! அல்லாஹ் உலகில் வகுத்திருக்கும் நியதி பெயரைப் பார்ப்பதில்லை. உங்களுக்குள் பிணங்கிக் கொள்ளாதீர்கள், பிணங்கினால் கோழைகளாகி உங்கள் வலிமை போய்விடும் என்ற கருத்தில் சூரா அன்ஃபாலில் அவன் எச்சரித்திருக்கிறான். எச்சரிக்கை நமக்குத்தான். நம்மைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக அது தளர்த்தப்படுவதில்லை.

இது தமிழகத்தில் மட்டும் நடந்த விபத்து என்று எண்ணிவிடாதீர்கள். மத்திய ஆசியப் புல்வெளியின் ஓரத்தில், ஸிர் தர்யா நதிக்கரையில் ஒத்ரார் என்று ஓர் எல்லைக் கோட்டை இருந்தது. இன்றைய கஸகஸ்தானில் அதன் இடிபாடுகள் உள்ளன. குவாரஸ்ம் ஸுல்தான் அலாவுத்தீன் முஹம்மதுவுக்குச் சொந்தமானது. 1217இல் அவர் பக்தாத் கலீஃபாவுடன் பகைத்துக் கொண்டு படை திரட்டிப் புறப்பட்டார். வழியில் பனி மறித்தது. 1218இல் செங்கிஸ்கான் அனுப்பிய வணிகக் கூட்டம் ஒத்ராருக்கு வந்தது. சுமார் 450 பேர், பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒற்றர்கள் என்று சொல்லிக் கோட்டைத் தலைவர் இனால்சுக் அவர்களைக் கொன்று சரக்கைப் பறித்தார். மறு ஆண்டு மங்கோலியப் படை வந்து கோட்டையை வளைத்தது. ஐந்து மாதம் தாங்கிய ஊர், உள்ளே இருந்த கராஜா என்னும் தளபதி தம் ஆட்களுடன் வெளியேறியதும் வீழ்ந்தது. சொந்த எஜமானுக்கு உண்மையாக இராதவன் நமக்கு மட்டும் இருப்பானா என்று கேட்டு, மங்கோலியர் அந்தத் தளபதியையே கொன்றார்கள். 1258இல் பக்தாதும் போயிற்று. ஒத்ராரின் மதில் பீரங்கியால் உடைந்ததா? இல்லை. பறித்த சரக்கிலும் மீறிய நம்பிக்கையிலும்தான் முதல் விரிசல் விழுந்தது.

நூற்றதைப் பிரிக்காதீர்கள்

சூரா நஹ்லில் அல்லாஹு தஆலா ஓர் உவமை கூறுகிறான். வாக்குறுதியை முறிப்பவர்கள், உறுதியாக நூல் நூற்ற பிறகு அதைத் தானே இழை இழையாகப் பிரித்துப் போட்ட பெண்ணைப் போன்றவர்கள் என்ற கருத்து அதில் வருகிறது. உலகில் எந்த ஊராருக்குப் புரியாவிட்டாலும் காஞ்சிபுரத்தாருக்கு இந்த உவமை புரிய வேண்டும். முறுக்கு ஏறிய பட்டு நூலுக்கு இருக்கும் வலிமை, முறுக்குப் பிரிந்த இழைக்கு உண்டா? பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றுதானே போகட்டும் என்று விட்டுவிடுகிறாரா? தறியை நிறுத்தி, குனிந்து தேடி, முடிச்சுப் போட்டு இணைத்துவிட்டுத்தான் அடுத்த ஊடையை ஓட்டுகிறார். விட்டால் சேலையின் நீளம் முழுவதும் அந்தக் கோடு தெரியும் என்பது அவருக்குத் தெரியும். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் ஒரே தறியில் உட்காருகிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் கோபித்துக் கொண்டு நாடாவை வீச முடியுமா?

சேலைக்குக் காட்டும் அக்கறையை நாம் சகோதரனுக்குக் காட்டுகிறோமா? இதுதான் கேள்வி.

நாம் அறிந்த ஒரு குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். பட்டு வியாபாரத்தில் ஒரே கல்லாவில் உட்கார்ந்த அண்ணனும் தம்பியும் தகப்பனார் விட்டுப்போன ஒரு வீட்டின் பாகத்துக்காகப் பிரிந்தார்கள். ஜமாஅத்தில் பேசி முடிக்கலாம் என்றோம். அவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றார் அண்ணன். வக்கீல் செலவுக்கு ஒரே ஆளிடம் இருவரும் தனித்தனியே கடன் வாங்கினார்கள். அந்த மனிதர் இருவருக்கும் முகம் கோணாமல் கொடுத்தார். வழக்கு முடிவதற்குள் வீடு கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விட்டது. தாயார் ஜனாஸாவிலும் இருவரும் வெவ்வேறு ஸஃப்பில் நின்றார்கள். ஆற்காட்டைப் படிக்கும்போதெல்லாம் அந்த வீடுதான் நமக்கு நினைவுக்கு வருகிறது.

சமாதானம் செய்து வைப்பது உபரியான நோன்பையும் தொழுகையையும் தர்மத்தையும் விட மேலான படித்தரம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். உறவைக் கெடுப்பதோ மழித்துவிடுவது. முடியை அல்ல, மார்க்கத்தையே மழித்துவிடுவது என்ற கருத்திலும் எச்சரித்திருக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகும், ஒரே மஹல்லாவில் இரு பிரிவாகி, ஒருவர் வீட்டு நிக்காஹுக்கு மற்றவர் போகாதிருப்பதை என்னவென்று சொல்வது?

நம் எல்லைக் காவல்

எல்லையைக் காவல் காப்பதற்கு மார்க்கத்தில் ரிபாத் என்று பெயர். அதன் நன்மை மகத்தானது. கோட்டையும் அகழியும் இல்லாத நமக்கு அந்த நன்மைக்கு வழியே இல்லையா? உண்டு. சிரமமான நேரத்திலும் ஒளூவை நிறைவாகச் செய்வது, பள்ளிவாசலுக்கு அதிகம் நடப்பது, ஒரு தொழுகைக்குப் பின் அடுத்த தொழுகையை எதிர்பார்த்திருப்பது, இவையே ரிபாத் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்கும் அந்த ஸஃப்புதான் நம் மதில். தோள்களுக்கு நடுவே விடும் இடைவெளிதான் ஷைத்தான் நுழையும் வாசல்.

ஆகவே இந்த முஹர்ரமில் மூன்று காரியங்களை மனத்தில் வைப்போம்.

ஒன்று: ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் நோன்பு நோற்போம். அந்த நாட்களின் பெயரால் போதைக்கும் வீண் ஆட்டத்துக்கும் நம் பிள்ளைகள் போகாமல் பார்த்துக் கொள்வோம். தாகத்தோடு ஷஹீதான இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களை மது அருந்தி நினைவுகூர்வது எத்தகைய கொடுமை!

இரண்டு: கொடுத்த வாக்கு முஸ்லிமுக்கானாலும் முஸ்லிமல்லாதவருக்கானாலும் அதைக் காப்போம். நெசவாளருக்குப் பேசிய கூலி, கூட்டாளிக்குச் சொன்ன கணக்கு, அண்டை வீட்டாருக்கு அளித்த உறுதி, எல்லாம் அல்லாஹ் விசாரிக்கும் வாக்குகளே.

மூன்று: யாருடன் பேச்சு நின்றிருக்கிறதோ அவருக்கு நாமே முதலில் ஸலாம் சொல்வோம். மூன்று நாட்களுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதல்ல. முதலில் ஸலாம் சொல்பவரே இருவரில் சிறந்தவர். யார் முதலில் இறங்கி வருவது என்று இருவரும் காத்திருந்தால் மூன்றாமவர் வந்துவிடுவார். அவர் கையில் பத்திரமும் இருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களை ஒன்று சேர்ப்பாயாக! முறிந்த உறவுகளை இணைப்பாயாக! கொடுத்த வாக்கைக் காப்பவர்களாகவும், உன் பள்ளியின் ஸஃப்பில் விலகாமல் நிற்பவர்களாகவும் எங்களையும் எங்கள் சந்ததியினரையும் ஆக்கியருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.